சின்ன கீல் படகில் வேகம்: ட்யூனிங், ட்ரிம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜே 24, ஜே 70, ஸ்டார், எட்செல்ஸ் மாதிரி அடியில் கனமான கீல் (படகுக்குக் கீழே நீரில் இறங்கி நிற்கும் எடைத் தகடு) வைத்த சின்னப் பந்தயப் படகு ஓட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். காற்று வருகிற பக்கத்தைக் காற்றுப்பக்கம் என்றும், அது போகிற பக்கத்தை மறைவுப்பக்கம் என்றும் எழுதியிருக்கிறேன். மற்றபடி படகில் நாம் பேசும் வார்த்தைகள்தான்.

ட்யூனிங், ட்ரிம் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ட்யூனிங் கரையில் செய்வது: பாய்மரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எவ்வளவு வளைந்திருக்கிறது, அதைப் பிடித்திருக்கும் கம்பிகள் எவ்வளவு இறுக்கம் என்பதெல்லாம். ட்ரிம் தண்ணீரில் நிமிஷத்துக்கு நிமிஷம் செய்வது: கயிற்றை இழுப்பது, விடுவது, ஆட்கள் இடம் மாறி உட்காருவது. ஒரே வடிவப் படகுகள் மோதும் பல கிளாஸ்களில் பந்தயம் தொடங்கிய பிறகு, பாய்மரத்தை இரண்டு பக்கமும் பிடிக்கும் ஷ்ரவுட் கம்பிகளைத் தொடக் கூடாது என்று விதி இருக்கிறது. அதனால் கரையில் தப்பாகப் போனதைத் தண்ணீரில் கயிறு இழுத்துச் சரிக்கட்டப் பார்ப்போம், அது பாதிதான் முடியும். நான் ட்யூனிங் பற்றி அதிகமாகவும் ட்ரிம் பற்றிக் குறைவாகவும் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

இத்துனூண்டு வித்தியாசத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

வேண்டும். ஒரே கிளாஸ் படகுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் முட்டி நிற்கும். நீர்க்கோட்டு நீளம் 6 மீட்டர் உள்ள படகு தண்ணீரைப் பிளந்து போகும்போது 6 நாட் (மணிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர்) பக்கத்தில் அதன் சொந்த அலையே அதைப் பிடித்து நிறுத்திவிடும். ஆகவே வெற்றி தோல்வி 0.1 நாட், 0.2 நாட் கணக்கில்தான். ஆனால் 0.1 நாட் என்பது ஒரு மணி நேரத்தில் 185 மீட்டர். 7.32 மீட்டர் நீளமுள்ள ஜே 24-க்கு அது 25 படகு நீளம்! முதல் மிதவையை நிம்மதியாகச் சுற்றுவதும், கூட்டத்துக்குள் சிக்கிக் கத்திக்கொண்டு சுற்றுவதும் அந்த 25 படகு நீளத்தில்தான் இருக்கிறது.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

அடியிலிருந்து. புதுப் பாய் வாங்குவதற்கு முன்னால் படகின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். மெல்லிய காற்றில் படகைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் தண்ணீர் உராய்வுதான், அலை அல்ல. பாசி துளி படிந்திருந்தாலும் அங்கே விலை கொடுக்க வேண்டியிருக்கும். 400-ல் தொடங்கி 600 வரை வாட்டர் பேப்பர் போட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, உள்ளங்கையை மெதுவாக ஓட்டினால் எங்கேயும் தட்டுப்படக் கூடாது. கீலும் சுக்கானும் அதைவிட முக்கியம். முன்விளிம்பில் சின்னப் பள்ளம் இருந்தால் நிரப்பித் தேய்க்க வேண்டும். பின்விளிம்பு மெல்லியதாக, கூர்மையாக வெட்டியது போல இருக்க வேண்டும், உருண்டிருக்கக் கூடாது. கிளாஸ் விதி அனுமதிக்கும் அளவுக்குள் செய்யுங்கள், சில கிளாஸ்களில் கீலுக்கு அச்சு வைத்தே அளப்பார்கள்.

அப்புறம் எடை. தேவையில்லாத சாமானை இறக்குங்கள். இருந்தே ஆக வேண்டியதைக் கீலுக்கு மேலே, நடுவில் வையுங்கள். மூக்கிலும் வாலிலும் எடை இருந்தால் படகு ஒவ்வொரு அலைக்கும் தலையாட்டும், ஒவ்வொரு ஆட்டத்திலும் வேகம் போகும்.

பாய்மரம் நேராக நிற்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கண்ணை நம்பாதீர்கள். மெயின் ஹேல்யர்டின், அதாவது மெயின் என்ற பெரிய பாயை ஏற்றும் கயிற்றின், நுனியில் ஒரு ஸ்டீல் டேப்பைக் கட்டி உச்சிக்கு ஏற்றுங்கள். படகின் மூக்கிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில், ஷ்ரவுட்களுக்குப் பக்கத்தில், விளிம்பில் ஒரு புள்ளி குறியுங்கள். ஷ்ரவுட் மாட்டும் தகடுகளையே புள்ளியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவை இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. டேப்பை ஒரே இழுப்பில் பிடித்து இரண்டு புள்ளிக்கும் அளந்து, அளவு ஒன்றாகும் வரை மேல் ஷ்ரவுட்களை ஒரு பக்கம் விட்டு மறு பக்கம் இறுக்கிச் சரிசெய்யுங்கள். இந்த நேரத்தில் கீழ் ஷ்ரவுட்கள் தொளதொளவென்று இருக்கட்டும்.

எங்கள் படகு ஒரு சீசன் முழுக்க ஸ்டார்போர்டு டேக்கில் (காற்று வலப்பக்கம் வரும் ஓட்டம்) காற்றை நோக்கி நன்றாக ஏறும், போர்ட் டேக்கில் (காற்று இடப்பக்கம்) சுணங்கும். சுக்கான் பிடித்தவரைக் குறை சொன்னோம், முன்பாயான ஜிப்பைக் குறை சொன்னோம், அலை அந்தப் பக்கம் மோசம் என்றோம். கடைசியில் டேப் வைத்து அளந்தபோது இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் அரை சென்டிமீட்டர். அவ்வளவுதான். ஆனால் 9 மீட்டர் உயரத்தில் அந்த அரை சென்டிமீட்டர் உச்சியில் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் சாய்வு. கம்பியை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளில் சில சுற்று, பத்து நிமிஷ வேலை, அன்றைக்கே இரண்டு டேக்கும் ஒன்றாயிற்று. ஒரு பக்கம் மட்டும் படகு மெதுவாக இருந்தால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

கம்பிகளை எவ்வளவு இறுக்க வேண்டும்?

உங்கள் கிளாஸுக்குப் பாய் தைப்பவர்கள் வெளியிடும் ட்யூனிங் கைடில் ஒரு அடிப்படை அளவு இருக்கும், பெரும்பாலும் 8 முதல் 10 நாட் காற்றுக்கு. அங்கிருந்து தொடங்குங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: அதில் உள்ள எண் எந்த டென்ஷன் கேஜில் (இறுக்கம் அளக்கும் கருவி) எடுத்தது என்று பாருங்கள். லூஸ் (Loos) என்ற கம்பெனியின் கேஜிலேயே மாடலுக்கு மாடல் எண் மாறும். ஒன்றில் 20 என்பது இன்னொன்றில் வேறு இறுக்கம். ஒரே கேஜை வைத்துக்கொண்டு அதிலேயே எப்போதும் அளப்பது, அது எவ்வளவு துல்லியம் என்பதைவிட முக்கியம்.

எந்தக் கம்பி என்ன செய்கிறது என்பது தெரிந்தால் எண்ணே பாதி தேவைப்படாது. மேல் ஷ்ரவுட் உச்சிப் பகுதியைப் பக்கவாட்டில் பிடிக்கிறது. ஷ்ரவுட்களை வெளியே தள்ளிப் பிடிக்கும் கைகளான ஸ்ப்ரெடர்கள் பின்னோக்கி இருக்கும் படகில் மேல் ஷ்ரவுட்டை இறுக்கினால் அது ஸ்ப்ரெடரை முன்னால் தள்ளி, பாய்மரத்தின் நடுவை முன்னால் வளைக்கும், கூடவே மூக்கிலிருந்து மரத்தைப் பிடிக்கும் ஃபோர்ஸ்டே கம்பியையும் இறுக்கும். கீழ் ஷ்ரவுட் நடுவைப் பிடிக்கிறது. அதன் அடி பாய்மரத்துக்குப் பின்னால் மாட்டியிருந்தால், இறுக்கும்போது நடுவைப் பின்னால் இழுத்து மரத்தை நிமிர்த்தும். மரம் நிமிர்ந்தால் மெயினுக்கு வயிறு (பாயின் உப்பல்) வைக்கும், வளைந்தால் வயிறு ஒட்டும். அதனால் காற்று ஏறும் நாளில் மேலும் கீழும் இறுக்குகிறோம், இறங்கும் நாளில் இரண்டையும் தளர்த்துகிறோம். ஒவ்வொரு காற்றுக்கும் இரண்டு பக்கமும் எத்தனை சுற்று என்று எண்ணி வைத்தால் போதும், கடைசி நிமிஷத்தில் கேஜ் தேட வேண்டாம்.

தண்ணீரில் போன பிறகு எப்படிச் சரிபார்ப்பது?

இதுதான் எனக்குப் பிடித்த வேலை. 8 முதல் 10 நாட் காற்று, அலை அதிகம் இல்லாத இடம், எல்லாரும் ஓரத்தில் உட்கார்ந்து முழுச் சாய்வில் எதிர்காற்றில் ஓட்டுங்கள். ஒருவர் மட்டும் பாய்மரத்தின் அடியில் போய்க் குந்தி, கன்னத்தை மரத்தோடு ஒட்டி வைத்து, மெயினின் முன்விளிம்பு நுழையும் பள்ளத்தைக் கீழிருந்து உச்சி வரை ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். அது இழுத்துப் பிடித்த நூல் போல ஒரே கோடாகத் தெரிய வேண்டும். நடுப்பகுதி மறைவுப்பக்கம் தொய்ந்திருந்தால் கீழ் ஷ்ரவுட் போதவில்லை. நடு நேராக இருந்து உச்சி மட்டும் மறைவுப்பக்கம் விழுந்திருந்தால் மேல் ஷ்ரவுட் போதவில்லை, அல்லது கீழே அதிகமாக இறுக்கிவிட்டீர்கள். பிறகு மறைவுப்பக்க மேல் ஷ்ரவுட்டை விரலால் தட்டுங்கள். இறுக்கம் அப்போதுதான் விட்டுப்போய், தட்டினால் லேசாக ஆடுகிற நிலையில் இருந்தால் அது அன்றைய காற்றுக்குச் சரி. அலையில் ஊஞ்சல் ஆடினால் இறுக்கம் குறைவு. வீணைக் கம்பி மாதிரி விறைத்திருந்தால் இறுக்கம் அதிகம், படகு உயிரில்லாமல் போகும்.

டேக் மாறி மறுபக்கமும் பாருங்கள். மாற்றம் செய்யும்போது படகைத் திருப்பி, தொய்ந்த பக்கத்து டர்ன்பக்கிளைச் சுற்றி, மறுபடி டேக் மாறி அதே அளவு மறுபக்கமும் சுற்றுங்கள்.

சுக்கான் இழுக்கிறது. நல்லதா கெட்டதா?

கொஞ்சம் இழுக்க வேண்டும். எதிர்காற்றில் சுக்கான் பிடியை விட்டால் படகு தானாகக் காற்றை நோக்கி மெதுவாகத் திரும்ப வேண்டும். நேராக ஓட்டும்போது சுக்கான் 3 முதல் 5 டிகிரி திரும்பி நிற்பது நல்ல அளவு, அந்தக் கோணத்தில் அது கீலோடு சேர்ந்து படகு பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கிறது. 1 மீட்டர் நீளப் பிடி என்றால் அதன் நுனி நடுக்கோட்டிலிருந்து 5 முதல் 9 சென்டிமீட்டர் காற்றுப்பக்கம் வந்திருக்கும். பிடிக்கு அடியில் தளத்தில் இரண்டு துண்டு டேப் ஒட்டி வைத்தால் பார்த்தவுடன் தெரியும். இரண்டு விரலால் பிடிக்க முடிகிற கனம் போதும். கை வலிக்கிறது என்றால் சுக்கான் அங்கே பிரேக்காக வேலை செய்கிறது.

அப்படி ஆனால் முதலில் சாய்வைப் பாருங்கள். இந்தப் படகுகள் பெரும்பாலும் சாயச் சாயக் காற்றை நோக்கித் திமிறும். ஆட்களை ஓரத்துக்கு நகர்த்துங்கள், மெயினின் கயிறு குறுக்கே நகரும் வண்டியான ட்ராவலரை மறைவுப்பக்கம் இறக்குங்கள், பின்னாலிருந்து மரத்தைப் பிடிக்கும் பேக்ஸ்டேயை இழுங்கள். இத்தனையும் செய்தும் எல்லாக் காற்றிலும் கனம் என்றால் பாய்மரம் பின்னால் அதிகமாகச் சாய்ந்திருக்கிறது, ஃபோர்ஸ்டேயைச் சற்றுக் குறுக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக மெல்லிய காற்றில் பிடி செத்துப்போய்க் கிடந்தால் ஃபோர்ஸ்டேயை நீட்டிச் சாய்வைக் கூட்ட வேண்டும். இரண்டும் கிளாஸ் விதிக்குள்.

மெயினில் இத்தனை கயிறு. எதை முதலில் தொடுவது?

மெயின்ஷீட், அதாவது மெயினை உள்ளே இழுக்கும் கயிறு. அதுதான் முறுக்கை, அதாவது பாயின் மேல்பகுதி கீழ்ப்பகுதியைவிட எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை முதலில் தீர்மானிக்கிறது. தண்ணீரை ஒட்டிய காற்று உராய்வால் மெதுவாக வீசும், உயரத்தில் வேகமாக வீசும். அதனால் ஓடுகிற படகில் உச்சிக்கு வரும் காற்று கொஞ்சம் பக்கவாட்டிலிருந்து வருவது போல இருக்கும். உச்சி சற்றுத் திறந்திருக்க வேண்டியது இதனால்தான்.

மெயினின் அடிவிளிம்பைப் பிடிக்கும் தண்டான பூமுக்கு அடியில் தலையை வைத்து மேலே பாருங்கள். மேல் பேட்டன் (பாயில் செருகிய விறைப்புப் பட்டை) பூமுக்கு இணையாக நிற்கும் வரை ஷீட்டை இழுங்கள். அந்தப் பேட்டனின் நுனியில் ஒரு டெல்டேல், அதாவது காற்று காட்டும் துணித்துண்டு, இருக்க வேண்டும். அது பாதி நேரம் பின்னால் பறந்து, பாதி நேரம் பாயின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தால் நடுத்தரக் காற்றுக்குச் சரியான இடம். எப்போதும் ஒளிந்தே இருந்தால் கழுத்தைப் பிடித்து நெரிக்கிறீர்கள், விடுங்கள். எப்போதும் பறந்தால் இன்னும் இழுக்க இடம் இருக்கிறது.

ட்ராவலர் அதற்கு அப்புறம்: முறுக்கைக் கெடுக்காமல் மொத்தப் பாயையும் உள்ளே கொண்டுவரவோ வெளியே தள்ளவோ அது. மெல்லிய காற்றில் அதைக் காற்றுப்பக்கம் ஏற்றி ஷீட்டைத் தளர்த்தினால் பூம் நடுக்கோட்டிலும் இருக்கும், உச்சியும் திறந்திருக்கும். அவுட்ஹால் (பாயின் பின்மூலையைப் பூமில் இழுக்கும் கயிறு) பாயின் கீழ் மூன்றில் ஒரு பங்கின் வயிற்றுக்கு. கன்னிங்ஹாம் (முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கயிறு) வயிற்றை முன்னால் கொண்டுவர. மெயினின் வயிறு முன்விளிம்பிலிருந்து 45 முதல் 50 சதவீத தூரத்திலும், ஜிப்பின் வயிறு 35 முதல் 40 சதவீத தூரத்திலும் இருந்தால் ஏறக்குறைய சரி.

பேக்ஸ்டேயை எப்போது இழுப்பது?

ஆட்கள் எல்லாரும் ஓரத்தில் உட்கார்ந்தும் படகு மேலும் சாயத் தொடங்கும்போது. ஒரே இழுப்பில் பல காரியம் நடக்கும்: பாய்மரம் வளைந்து மெயின் தட்டையாகும், உச்சி திறக்கும், ஃபோர்ஸ்டே விறைத்து ஜிப்பும் தட்டையாகும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 10 நாட் 14 ஆனால் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதைப் பாயின் வயிற்றைக் குறைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

பலர் விடுகிற தப்பு, பேக்ஸ்டேயை இழுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுவது. மரம் வளைந்ததும் மெயினின் பின்விளிம்பு தளரும், ஷீட்டைக் கொஞ்சம் கூட இழுக்க வேண்டும். வயிறும் பின்னால் நகர்ந்திருக்கும், கன்னிங்ஹாமும் வேண்டும். காற்று இறங்கும்போது அதே மூன்றையும் திருப்பி விட வேண்டும். இறங்கும்போது மறந்துபோவதில்தான் அதிக இடம் இழக்கிறோம், ஏனென்றால் காற்று ஏறுவது உடம்பில் உறைக்கிறது, இறங்குவது உறைப்பதில்லை.

ஜிப் கார் (ஜிப் கயிறு போகும் நகரும் கப்பி) எங்கே இருக்க வேண்டும்?

எதிர்காற்றில் ஓட்டிக்கொண்டே படகை மெதுவாகக் காற்றை நோக்கித் திருப்புங்கள். முன்விளிம்புக்குப் பின்னால் மேல், நடு, கீழ் என்று மூன்று ஜோடி டெல்டேல்கள் இருக்கும். காற்றுப்பக்கத்து மூன்றும் ஒன்றாகத் துள்ள ஆரம்பித்தால் கார் சரியான இடத்தில் இருக்கிறது. மேலே உள்ளது முதலில் துள்ளினால் உச்சி அதிகமாகத் திறந்திருக்கிறது, காரை முன்னால் நகர்த்துங்கள். கீழே உள்ளது முதலில் துள்ளினால் பின்னால். பலத்த காற்றில் வேண்டுமென்றே ஒரு துளை பின்னால் வைத்தால் உச்சி திறந்து அழுத்தம் வடியும்.

ஷீட் எவ்வளவு என்பதற்கு ஸ்ப்ரெடரில் 5 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு என்று டேப் ஒட்டிவிடுங்கள். "இரண்டாவது கோட்டுக்கு" என்று சொன்னால் ட்ரிம்மருக்குப் புரியும், "கொஞ்சம் இழு" என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஹேல்யர்டை அளவுக்கு மேல் இறுக்காதீர்கள். மெல்லிய காற்றில் முன்விளிம்பில் சின்னச் சின்னக் கிடைமட்டச் சுருக்கம் தெரிவதுதான் நல்லது.

பக்கத்துப் படகு எங்களைவிட மேலே ஏறிப் போகிறது. நாமும் காற்றோடு ஒட்டி ஓட்ட வேண்டாமா?

முதலில் வேகம், பிறகுதான் ஏற்றம். கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றுக்கு 45 டிகிரியில் 5 நாட் ஓடினால் காற்றை நோக்கி நீங்கள் முன்னேறுவது 3.54 நாட். மூக்கைத் திணித்து 42 டிகிரிக்குப் போய் வேகம் 4.7-க்கு இறங்கினால் முன்னேற்றம் 3.49. மூக்கு மேலே பார்க்கிறது, படகு பின்தங்குகிறது. அதோடு கீல் தூக்கும் சக்தியும் வேகத்தின் வர்க்கத்தில்தான். வேகம் குறைந்தால் படகு பக்கவாட்டில் அதிகம் நழுவும், அந்த 3.49-ம் முழுசாகக் கிடைக்காது. டேக் மாறியதும் இரண்டு டிகிரி தாழ்த்தி ஓட்டி, வேகம் வந்து கீல் பிடித்த பிறகு மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். அலை குறுக்கும் நெடுக்குமாக இருந்தால் இன்னும் தாழ்த்தி, பாயில் வயிறும் முறுக்கும் சற்றுக் கூட வைத்து ஓட்டுங்கள்.

காற்றே இல்லை. என்ன செய்வது?

ஆட்கள் முன்னால் வந்து நெருக்கமாக உட்காருங்கள், படகின் பின்பக்கம் தண்ணீரை விட்டு எழும்பட்டும். சிலரை மறைவுப்பக்கம் அனுப்பி லேசாகச் சாய்த்தால் பாய் தன் எடையாலேயே தொங்கி வடிவத்துக்கு வரும், அடியில் நனையும் பரப்பும் குறையும். பேக்ஸ்டே முழுக்க விட்டிருக்கட்டும். ஷீட்டைத் தளர்வாக வையுங்கள், இறுக்கினால் இருக்கிற மெல்லிய காற்றும் பாயை விட்டுப் பிரியும். யாரும் சடாரென்று எழுந்திருக்க வேண்டாம்.

பின்காற்றில் எதைக் கவனிப்பது?

பேக்ஸ்டே, கன்னிங்ஹாம், அவுட்ஹால் எல்லாம் விடுங்கள். பின்காற்றுக்கான பெரிய பாய் ஸ்பின்னேக்கரின் முன்விளிம்பு லேசாக உள்ளே சுருளும் வரை ஷீட்டை விட்டுக்கொண்டே இருங்கள், சுருண்டதும் துளி இழுங்கள், மறுபடி விடுங்கள், மிதவை வரும் வரை இதே வேலை. ‘போல்’ (பாயின் மூலையை வெளியே தள்ளிப் பிடிக்கும் தண்டு) வைத்த ஸ்பின்னேக்கரில் இரண்டு கீழ் மூலையும் ஒரே உயரத்தில் இருக்கும்படி போலை ஏற்றி இறக்குங்கள். அலைமேல் சறுக்கி ஓட முடிகிற காற்று என்றால் ஒவ்வொரு அலைக்கும் அல்லது காற்று வீச்சுக்கும் ஒவ்வொரு பாயையும் ஒரே ஒரு முறை இழுக்கலாம், அதற்கு மேல் இழுத்தால், பாயை ஆட்டிப் படகைத் தள்ளுவதைத் தடுக்கும் பந்தய விதி 42 உங்களைப் பிடிக்கும்.

செய்த மாற்றம் பலன் தந்ததா என்று எப்படித் தெரியும்?

தனியாக ஓட்டினால் தெரியாது. அதே கிளாஸ் படகு இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான்கு ஐந்து படகு நீளம் இடைவெளி விட்டு, ஒருவர் காற்று மற்றவரைக் கெடுக்காதபடி பக்கம் பக்கமாக எதிர்காற்றில் ஓட்டுங்கள். ஒரு படகு எதையும் மாற்றக் கூடாது, மற்றது ஒரே ஒரு விஷயத்தை மாற்ற வேண்டும். ஐந்து நிமிஷம் ஓட்டி, நின்று, பேசி, இடம் மாறி மறுபடி ஓட்டுங்கள். இரண்டு விஷயத்தை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கரைக்கு வந்ததும், உடை மாற்றுவதற்கு முன்னாலேயே எழுதிவிடுங்கள்: காற்று எத்தனை நாட், அலை எப்படி, மேல் ஷ்ரவுட் எத்தனை சுற்று, கீழ் ஷ்ரவுட் எத்தனை, ஜிப் கார் எந்தத் துளை, பேக்ஸ்டே எந்தக் குறி, ஆட்களின் மொத்த எடை, வேகம் எப்படி இருந்தது. எழுதி முடித்ததும் டர்ன்பக்கிள் ஒவ்வொன்றிலும் அது கழலாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின் திரும்பப் போட்டு டேப் சுற்றியிருக்கிறதா என்று ஒரு முறை கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.